பெட்டியிலா, கைப்பையிலா?

2025 ஏப்ரல் 1 முதல் மலேசிய ஏர்லைன்ஸ், ஃபயர்ஃபிளை, ஏர் ஆசியா விமானங்களில் பவர் பேங்க்கைத் தலைக்கு மேலிருக்கும் சாமான் தட்டில் வைக்க முடியாது. இருக்கைக்கு அடியிலோ, முன்னிருக்கையின் பையிலோ, கைக்கு எட்டும் இடத்தில்தான் அது இருக்க வேண்டும். பறக்கும்போது அதிலிருந்து கைத்தொலைபேசிக்கு மின்னேற்றக் கூடாது. பவர் பேங்க்குக்கும் மின்னேற்றக் கூடாது. சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைப்பதற்கோ நெடுங்காலமாகவே தடை உண்டு. பாத்தேக் ஏர் நிறுவனமும் இதே வழியில் நடக்கிறது. ஆக, மலேசியாவிலிருந்து புறப்படும் பயணி ஒருவரின் சட்டைப்பை, கைப்பை, பெட்டி மூன்றிலும் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை இப்போது விதிகளே முடிவு செய்கின்றன.

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம், கிழக்கே உலு சிலாங்கூர் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு வெளிநாட்டு விமானம் என்றால் முதலில் திருச்சி, அடுத்து சென்னை. பழனி, வேளாங்கண்ணி யாத்திரை, கல்யாணச் சேலை எடுப்பது, பூர்வீக ஊரில் ஒரு துக்கம் என்று காரணங்கள் மாறும். ஏர் ஆசியா 2008இல் திருச்சிக்குப் பறக்கத் தொடங்கிய பிறகு, வாழ்நாளில் விமானம் ஏறாத தோட்டத்துப் பெரியவர்களும் ஏறினார்கள். கோலசிலாங்கூரிலிருந்து சிப்பாங் விமான நிலையம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். சபாக் பெர்ணத்திலிருந்து இன்னும் தொலைவு. அவ்வளவு தூரம் வேன் பிடித்து வந்த பிறகு சோதனை மேசையில் ஒரு கருவி தவறான பையில் இருப்பதாகத் தெரிந்தால், வீட்டில் வைத்துவிட்டு வர வழியில்லை. எதிலே வைப்பது என்ற கேள்விக்கு வீட்டிலேயே விடை தெரிந்திருக்க வேண்டும்.

அந்த விடை ஒரே சீராக இருந்ததில்லை. விமானத்தில் மின்கருவிகள் மீதான கட்டுப்பாடு மூன்று வெவ்வேறு அச்சங்களிலிருந்து வளர்ந்தது. முதலில் வானொலி அலைக் குறுக்கீடு; பிறகு வெடிகுண்டு; கடைசியாக மின்கலத் தீ. குறுக்கீட்டு அச்சம் கருவியை அணைத்துவைக்கச் சொன்னது. வெடிகுண்டு அச்சம் அதைப் பயணியிடமிருந்து பிரித்துக் கீழ்த்தளச் சரக்கறைக்கு அனுப்பப் பார்த்தது. தீ பற்றிய அச்சம் கீழே போனதை மேலே வரவழைத்துக் கண்ணெதிரே வைக்கச் சொல்கிறது. பின்னிரண்டும் ஒரே மடிக்கணினியைப் பற்றி நேர் எதிரான இரண்டு கட்டளைகள் இடுகின்றன என்பதுதான் பயணிகளின் குழப்பத்துக்கெல்லாம் மூலம்.

ராகாவும் வழிகாட்டும் அலையும்

1950களின் இறுதியிலும் 1960களிலும் கையடக்க டிரான்சிஸ்டர் வானொலிகள் பெருகின. அப்போதுதான் அமெரிக்காவில் பயணிகளின் பண்பலை வானொலிகள் விமானத்தின் வழிகாட்டும் கருவிகளைத் தடுமாற வைக்கலாம் என்று ஆய்வுகள் கூறின. 1966இல் அமெரிக்க விமானத் துறை கையடக்க மின்கருவிகளுக்கான பொது விதியை எழுதியது. காது கேட்கும் கருவி, இதய முடுக்கி, குரல்பதிவுக் கருவி, மின்சாரச் சவரக் கருவி ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. இதய முடுக்கியின் பக்கத்தில் சவரக் கருவிக்கும் இடம் கிடைத்திருப்பது அந்தக் கால விமானப் பயணிகள் யார் என்பதைக் காட்டிக் கொடுக்கிறது.

குறுக்கீடு எப்படி நேரும்? பண்பலை வானொலி அலையை வாங்குவதோடு நிற்பதில்லை. தன்னுள்ளே ஓர் அலையை உண்டாக்கவும் செய்கிறது. பொதுவாக அந்த உள்ளலை, கேட்கும் நிலையத்தின் அலைவரிசையைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் அதிகமாக இருக்கும். அதில் ஒரு சிறு பங்கு வெளியே கசியும். விமானங்களின் வழிகாட்டும் வானொலிப் பட்டை 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ராகா வானொலி 99.3இல் ஒலிக்கிறது. அதைக் கேட்கும் பெட்டியின் உள்ளலை 110.0, நேராக அந்தப் பட்டைக்குள் போய் விழுகிறது. மின்னல் பண்பலையின் 96.3க்கு இதே கணக்குப் போட்டால் 107.0 வருகிறது, நூலிழையில் தப்பிக்கிறது. ஜெனரேட்டர் மின்சாரம் குறித்த நேரத்துக்கு மட்டுமே வந்த தோட்ட லயங்களில் மின்கலத்தில் ஓடிய பழைய வானொலிகள் பெரும்பாலும் மத்திய அலை, சிற்றலை வகை. அவற்றின் உள்ளலை இந்தப் பட்டைக்கு அருகிலும் வராது. குற்றம் சாட்டப்பட்ட கூட்டத்தில் அவை நிரபராதிகள்.

கருவிகளின் கவசம் மேம்பட்டதும் இந்த அச்சம் தளர்ந்தது. 2013 அக்டோபரில் அமெரிக்காவும், 2014இல் இந்தியாவும் கைத்தொலைபேசியை விமான முறையில் வைத்துப் பயணம் முழுதும் பயன்படுத்தலாம் என்றன. இன்று புறப்படுமுன் பணிப்பெண் சொல்லும் அறிவிப்பில் ஒரு வாக்கியமாக அது சுருங்கிவிட்டது.

டூ-இன்-ஒன்னுக்குள் வெடி

1985 ஜூன் 23 அன்று ஜப்பானின் நரித்தா விமான நிலையத்தில் ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படவிருந்த ஒரு பெட்டி வெடித்து இரண்டு சாமான் தொழிலாளர்கள் இறந்தனர். குண்டு ஒரு சான்யோ வானொலிக் கருவிக்குள் இருந்தது. சிதறிய துண்டுகளிலிருந்து புலனாய்வாளர்கள் அதை வாங்கியவர் வரை போனார்கள். அதே நாளில் கனடாவிலிருந்து வந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் நடுவானில் வெடித்து 329 பேர் மாண்டனர். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகருக்கு மேல் பான் ஆம் 103 வெடித்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 270 பேர் பலி. அந்தக் குண்டு, டூ-இன்-ஒன் எனப்படும் தோஷிபா வானொலி-கேசட் கருவி ஒன்றுக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது.

1980களில் மலேசியாவிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் உறவினர்களுக்கு எடுத்துப்போன பரிசுகளில் இதே டூ-இன்-ஒன்னும் ஒன்று. வீட்டுக்கு வீடு இருந்த ஒரு பொருள் வெடிகுண்டின் கூடாகவும் இருக்க முடியும் என்று தெரிந்த பிறகே ஊடுகதிர் சோதனையில் மின்கருவிகள் தனிக் கவனம் பெற்றன. மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்துத் தனித் தட்டில் வைக்கச் சொல்வதும் இதனால்தான். அதன் மின்கலமும் சுற்றுப்பலகையும் அடர்த்தியானவை. பைக்குள்ளேயே இருந்தால் திரையில் ஒரு கரும்பரப்பாகத் தெரிந்து, அடியில் இருப்பதை மறைத்துவிடும்.

இந்த மூன்று குண்டுகளும் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் இருந்தவை. பயணியர் அறையில் இருந்தவை அல்ல. 2017இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

2006 ஆகஸ்ட் 10 அன்று பிரிட்டனில் திரவ வெடிமருந்துச் சதி ஒன்று பிடிபட்டது. அன்றே பிரிட்டன் விமான நிலையங்கள் அனைத்திலும் கைப்பையையே தடை செய்தார்கள். பணப்பை, கடப்பிதழ், மருந்து போன்ற சிலவற்றை மட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் எடுத்துப் போகலாம். கைத்தொலைபேசியும் மடிக்கணினியும் இசைக்கருவியும் கீழே போக வேண்டும். லண்டனிலிருந்து கோலாலம்பூர் வந்தவர்களுக்கும் அதே விதி. அந்த முழுத்தடை சில நாட்களில் தளர்ந்தது. எஞ்சி நின்றது 100 மில்லிலிட்டர் திரவ வரம்பு மட்டுமே. 2014 ஜூலையில் அமெரிக்கா இன்னொன்றைச் சேர்த்தது. சில வெளிநாட்டு விமான நிலையங்களிலிருந்து அமெரிக்காவுக்குப் பறப்பவர்கள் சோதனையில் கேட்டால் கருவியை இயக்கிக் காட்ட வேண்டும். மின்சாரம் தீர்ந்து உயிரற்றுக் கிடக்கும் கைத்தொலைபேசி விமானம் ஏறாது. பவர் பேங்க்குக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்க முடியாது.

2017: மடிக்கணினி கீழே போன மாதங்கள்

2016 பிப்ரவரி 2 அன்று சோமாலியாவின் மொகடிஷுவிலிருந்து கிளம்பிய டால்லோ ஏர்லைன்ஸ் விமானத்தில், பயணி ஒருவர் கொண்டுவந்த மடிக்கணினிக்குள் இருந்த குண்டு வெடித்தது. விமானத்தின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்தது. குண்டைக் கொண்டு வந்தவரே வெளியே வீசப்பட்டு இறந்தார். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. இன்னும் உயரம் போயிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பது துறை வல்லுநர்களின் கணிப்பு.

ஓராண்டு கழித்து, 2017 மார்ச் 21 அன்று, அமெரிக்கா ஒரு பட்டியலை வெளியிட்டது. அம்மான், கெய்ரோ, இஸ்தான்புல், ஜெட்டா, ரியாத், குவைத், கசாபிளாங்கா, டோஹா, துபாய், அபுதாபி ஆகிய பத்து விமான நிலையங்களிலிருந்து நேராக அமெரிக்கா வரும் விமானங்களில் கைத்தொலைபேசியைவிடப் பெரிய எந்த மின்கருவியும் பயணியர் அறையில் கூடாது. மடிக்கணினி, டேப்லட், கேமரா, மின்நூல் கருவி எல்லாம் பெட்டிக்குள் போயின. அதே நாளில் பிரிட்டனும் துருக்கி, லெபனான், ஜோர்தான், எகிப்து, துனீசியா, சவுதி அரேபியா ஆகிய ஆறு நாடுகளைக் குறித்து இதே தடையைப் போட்டது. 16 சென்டிமீட்டர் நீளம், 9.3 அகலம், 1.5 தடிமனுக்கு மேற்பட்டதெல்லாம் கீழே என்று அளவுகோலையே எழுதிக் கொடுத்தது. வளைகுடாவின் மூன்று பெரிய விமான நிலையங்களும் பிரிட்டன் பட்டியலில் இல்லை. ஒரே உளவுத் தகவலை வைத்து இரண்டு நட்பு நாடுகள் இரண்டு பட்டியல் போட்டதற்குத் திருப்தியான விளக்கம் வெளிவரவில்லை. வளைகுடா விமான நிறுவனங்களோடு அமெரிக்க நிறுவனங்களுக்கு இருந்த வணிகப் பகைதான் காரணம் என்ற பேச்சும் அப்போது அடிபட்டது.

மலேசியா எந்தப் பட்டியலிலும் இல்லை. மலேசிய ஏர்லைன்ஸ் அமெரிக்காவுக்குப் பறப்பதை 2014இலேயே நிறுத்தியிருந்தது. ஆனால் துபாய், டோஹா, இஸ்தான்புல் வழியாக அமெரிக்கா போன மாணவர்களும் ஊழியர்களும் மாட்டிக்கொண்டார்கள். கோலாலம்பூரிலேயே மடிக்கணினியைப் பெட்டியில் போட வேண்டுமா, துபாய் வாசலில் கொடுக்கலாமா என்று தெரியாமல் தவித்தார்கள். எமிரேட்ஸ் நிறுவனம் விமானம் ஏறும் வாசல்வரை கணினியைப் பயன்படுத்தவிட்டு, அங்கே வாங்கிக் கட்டிவைத்துச் சரக்கறையில் ஏற்றும் ஏற்பாட்டைச் செய்தது. கத்தார் ஏர்வேஸ் வணிக வகுப்புப் பயணிகளுக்கு இரவல் மடிக்கணினி கொடுத்தது. அடுத்த மாதமே எமிரேட்ஸ் தன் அமெரிக்கச் சேவைகளைக் குறைப்பதாக அறிவித்தது.

பாதுகாப்பு வல்லுநர்களில் ஒரு சாரார் கேட்ட கேள்வி எளிமையானது: கனிஷ்காவையும் பான் ஆம் 103ஐயும் வீழ்த்தியது சரக்கறைக் குண்டு என்றால், சந்தேகத்துக்குரிய கருவியைச் சரக்கறைக்கு அனுப்புவது எப்படிப் பாதுகாப்பாகும்? இதற்கு அரசுகளின் பக்கமும் ஒரு தர்க்கம் இருந்தது. பெட்டிகளைச் சோதிக்கும் பெரிய எந்திரங்கள் கைப்பை எந்திரங்களைவிட ஆழமாகப் பார்க்கும். மேலும் பயணியர் அறையில் குண்டு வைப்பவர் ஜன்னலோரம் அமர்ந்து, விமானத்தின் தோலோடு ஒட்டி அதை வைக்க முடியும்; சிறிய குண்டே போதும். சரக்கறையில் அது எந்த மூலையில் போய் எத்தனை பெட்டிகளுக்கு நடுவே கிடக்கும் என்று அவருக்குத் தெரியாது.

இரண்டு வாதமும் குண்டைப் பற்றியவை. மின்கலத்தைப் பற்றி அவற்றில் ஒன்றுமில்லை. விமானிகள் சங்கங்களும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பும் அதைத்தான் நினைவூட்டின. நூற்றுக்கணக்கான லித்தியம் மின்கலங்களை மனிதர் எட்ட முடியாத அறையில் குவிப்பது, இல்லாத குண்டுக்குப் பயந்து இருக்கும் தீயை வளர்ப்பதாகும்.

2017 ஜூன் 28 அன்று அமெரிக்கா வழியை மாற்றியது. கருவிகளைத் தடை செய்வதற்குப் பதிலாக, 105 நாடுகளில் 280 விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா வரும் எல்லா விமானங்களுக்கும் கடுமையான சோதனையைக் கட்டாயமாக்கியது. பஞ்சுத் துணியால் கருவியைத் துடைத்து வெடிமருந்துத் துகளைத் தேடும் முறை அதில் முக்கியம்.  ஜூலை மாதத்துக்குள் பத்து விமான நிலையங்களும் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து விடுபட்டன. நான்கு மாத வாழ்வு.

வெடிகுண்டு அச்சம் அத்தோடு ஓயவில்லை. 2024 செப்டம்பர் 17, 18 தேதிகளில் லெபனானில் ஆயிரக்கணக்கான பேஜர்களும் வாக்கி-டாக்கிகளும் வெடித்தன. உடனே பெய்ரூட் விமான நிலையம் அவற்றை விமானத்தில் ஏற்றத் தடை விதித்தது. துபாய்க்கும் துபாய் வழியாகவும் போகிறவர்கள் இவற்றைக் கைப்பையிலோ பெட்டியிலோ கொண்டுவரக் கூடாது என்று எமிரேட்ஸ் அறிவித்தது.

தண்ணீர் கேட்கும் தீ

லித்தியம் மின்கலத்துக்குள் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரிப்பது மெல்லிய ஒரு படலம். தயாரிப்புக் குறையாலோ, நசுங்கியோ, அளவுக்கு மீறி மின்னேறியோ அந்தப் படலம் கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே மின்சுற்று குறுகி வெப்பம் ஏறும். ஓர் அளவுக்கு மேல் வெப்பம் தானே மேலும் வெப்பத்தை உண்டாக்கும் வேதிவினைகளைத் தொடங்கிவிடும். எரியக்கூடிய கரைசல் வாயுவாகப் பீறிட்டு வரும். முனைப் பொருளே ஆக்சிஜனை விடும். ஒரு கலத்தின் சூடு பக்கத்துக் கலத்துக்குத் தாவும். மண்ணடுப்பில் விறகை இழுத்துவிட்டால் அணைவதுபோல் இது அணையாது; எரிபொருளும் காற்றும் உள்ளேயே இருக்கின்றன.

சரக்கறையில் தீயணைப்புக்கு இருப்பது ஹாலான் வாயு. அது சுடரை அடக்கும், மின்கலத்தைக் குளிர்விக்காது. பக்கத்துக் கலம் மறுபடி பற்றும். பயணியர் அறையில் என்றால் பணியாளர் முதலில் ஹாலானால் சுடரை அடக்கி, பிறகு தண்ணீரோ மதுவல்லாத வேறு பானமோ ஊற்றி ஊற்றிக் குளிர்விக்க முடியும். இதனால்தான் பவர் பேங்க்கும் உதிரி மின்கலமும் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான் என்ற விதி உருவானது.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் யூ.பி.எஸ். சரக்கு விமானம் ஒன்று நடுவானில் தீப்பற்றி விழுந்து இரண்டு விமானிகள் இறந்தனர். அதில் 81,000க்கு மேற்பட்ட லித்தியம் மின்கலங்கள் இருந்தன. 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானங்களில் லித்தியம்-அயன் மின்கலங்களைத் தனிச் சரக்காக ஏற்றுவதைப் பன்னாட்டு சிவில் விமான அமைப்பு தடை செய்தது.

மலேசியர்களுக்கு இந்தப் பேச்சு எழுந்தாலே நினைவுக்கு வருவது எம்.எச்.370. 2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு மறைந்த அந்த விமானத்தில் 221 கிலோ லித்தியம்-அயன் மின்கலங்கள் சரக்காக இருந்தன. பினாங்கில் தயாரான அவை லாரியில் சிப்பாங் வந்து சேர்ந்தவை. மங்குஸ்தான் பழச் சரக்கோடு சேர்ந்து அவை தீப்பிடித்திருக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. 2018இல் வெளியான மலேசியப் புலனாய்வு அறிக்கை சோதனைகளுக்குப் பிறகு அதற்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு என்றது. விமானம் ஏன் மறைந்தது என்பதற்கு அந்த அறிக்கையாலும் விடை சொல்ல முடியவில்லை. மின்கலத்தின் மீது பழி சுமத்தவும் முடியாது.

2016இன் சாம்சங் கேலக்சி நோட் 7 தொலைபேசிகள் தீப்பற்றியதும், அமெரிக்கா அக்டோபரில் அவற்றை விமானத்திலிருந்து முழுமையாக விலக்கியதும் பலருக்கு நினைவிருக்கும். 2018 ஜனவரி 15 முதல், கழற்ற முடியாத மின்கலம் பொருத்திய ‘ஸ்மார்ட்’ பயணப்பெட்டிகளை விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை.

ஆனால் மலேசிய விதியை மாற்றிய நெருப்பு கொரியாவில் பற்றியது. 2025 ஜனவரி 28 இரவு, பூசானின் கிம்ஹே விமான நிலையத்தில் ஹாங்காங்குக்குக் கிளம்பவிருந்த ஏர் பூசான் விமானத்தின் பின்பக்கச் சாமான் தட்டிலிருந்து புகை வந்தது. 176 பேரும் அவசரச் சறுக்குகள் வழியே வெளியேறினர். விமானத்தின் கூரை எரிந்து போனது. மின்காப்பு சிதைந்த ஒரு பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று மார்ச் மாதத்தில் கொரிய அதிகாரிகள் தெரிவித்தனர். விமானம் தரையில் நின்றதுதான் எல்லாருக்கும் உயிர்ப்பிச்சை. மார்ச் 1 முதல் கொரியா சாமான் தட்டில் பவர் பேங்க்குக்குத் தடை போட்டது. அதே மாதத்தில் ஈவா ஏர், சைனா ஏர்லைன்ஸ், தாய் ஏர்வேஸ் நிறுவனங்கள் பறக்கும்போது பயன்படுத்துவதைத் தடுத்தன. ஏப்ரல் 1இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மலேசிய நிறுவனங்கள் தொடர்ந்தன.

சாமான் தட்டு ஏன் கூடாது என்பது கிம்ஹேயிலேயே தெரிந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் புகை சேர்ந்து கசிந்த பிறகே கண்ணில் படுகிறது. எந்தப் பை யாருடையது, எதன் அடியில் எது என்று தேட நேரமில்லை. இருக்கைப் பையில் இருந்தால் சூடு ஏறியதும் முழங்காலுக்கே தெரிந்துவிடும்.

பெருக்கல் கணக்கு

விதியின் எல்லைக்கோடு வாட்-மணி என்ற அளவில் எழுதப்பட்டிருக்கிறது. கடையில் விற்பதோ மில்லி ஆம்பியர்-மணியில். முன்னதற்குப் போக, ஆயிரத்தால் வகுத்து மின்கலத்தின் வோல்ட் அளவால் பெருக்க வேண்டும். லித்தியம் கலத்துக்கு அது பெரும்பாலும் 3.7, வெளிவரும் 5 வோல்ட்டால் பெருக்கினால் கணக்கு தப்பாகும். 10,000 எழுதிய பவர் பேங்க் 37 வாட்-மணி. 20,000 என்றால் 74. இவை இரண்டுக்கும் தடையில்லை. 27,000 என்றால் 99.9, நூறு என்ற கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. 30,000 என்றால் 111. நூறுக்கும் நூற்றறுபதுக்கும் இடைப்பட்டதற்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் இல்லை. இரவுச் சந்தையிலும் இணையக் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கும், 50,000 என்று முத்திரையிட்டது 185 வாட்-மணி ஆகிறது. 160க்கு மேல் எந்த வழியிலும் ஏறாது. அந்த முத்திரை பொய்யாக இருந்து உள்ளே பாதிகூட இல்லாவிட்டாலும், சோதனை மேசையில் அதிகாரி படிப்பது முத்திரையைத்தான். எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்க்கும் இதே காரணத்தால் தடுக்கப்படலாம்.

மின்கலம் ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம்

வட சிலாங்கூர் வீடுகளில் கட்டப்படும் பெட்டிகளுக்கு இந்த விதிகள் என்ன செய்கின்றன என்பதைச் சில பொருள்களை வைத்துப் பார்க்கலாம்.

மின்கலத்தில் ஓடும் துளைக்கருவி ஒன்றை ஊருக்கு எடுத்துப் போகும் தொழிலாளியின் நிலை விசித்திரமானது. கருவி ஆயுதமாகலாம் என்பதால் கைப்பையில் கூடாது. அதன் உதிரி மின்கலம் தீப்பிடிக்கலாம் என்பதால் பெட்டியில் கூடாது. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி மின்கலம் 90 வாட்-மணிதான், எல்லைக்குள் அடங்குகிறது. ஆகவே துளைக்கருவி கீழே, உதிரி மின்கலம் மேலே. இரண்டு அச்சங்களும் ஒரே பொருளை இரண்டாகப் பிளந்து பங்கு போட்டுக்கொள்கின்றன. மின்கல முனைகளை நாடா ஒட்டியோ, தனித்தனிப் பையில் வைத்தோ காப்பது கட்டாயம். சாவிக்கொத்தோ சில்லறையோ முனைகளை இணைத்தால் அதுவே தீப்பொறிக்குப் போதும்.

தோட்டத்துக் கோயில்களில் ஒப்பந்தத்துக்கு வந்து திரும்பும் நாதசுர, தவில் கலைஞர்களின் மின்சுருதிப் பெட்டி சாதாரண உலர்கலத்தில் ஓடுவதானால் சிக்கலில்லை. லித்தியம் கலம் உள்ள புதிய வகை கைப்பையில் வருவதே நல்லது. கல்யாணப் படப்பிடிப்புக்கான சிறு டிரோனின் மின்கலங்கள் கைப்பையில் போகலாம். தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களில் மருந்து தெளிக்கும் டிரோன்களின் மின்கலம் வேறு இனம். 29 ஆம்பியர்-மணி, 51.8 வோல்ட் கொண்ட ஒன்று 1,500 வாட்-மணி. எல்லையின் ஒன்பது மடங்குக்கு மேல். பயணியின் சாமானாக அது ஏறாது.

வயதானவர்களின் மின் சக்கர நாற்காலிக்கு மட்டும் விதி கொஞ்சம் இரங்குகிறது. கழற்றக்கூடிய லித்தியம் மின்கலம் 300 வாட்-மணி வரை பயணியர் அறையில் வரலாம். ஆனால் பயணச்சீட்டு எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் மின்கலத்தின் வகையைச் சொல்லியிருக்க வேண்டும். விமான நிலையத்தில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் காலதாமதம்தான்.

எடையும் ஒரு நெருக்கடி. ஏர் ஆசியாவில் கைப்பைக்கு 7 கிலோ. மடிக்கணினி, பவர் பேங்க், கேமரா, மருந்து, நகை என்று கீழே போகக் கூடாதவையும் அனுப்ப மனம் வராதவையும் எல்லாம் அந்த ஏழு கிலோவுக்குள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்னொரு கண்ணி பலர் கவனிக்காதது. விமானம் நிறைந்து, வாசலில் வைத்துக் கைப்பையைச் சரக்கறைக்கு வாங்கிக்கொள்ளும் நிலை வந்தால், உள்ளிருக்கும் பவர் பேங்க்கை அங்கேயே எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் மறப்பது இந்த இடத்தில்தான். ஒரு சிறு துணிப்பையில் மின்கலங்களைத் தனியே வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது.

திருச்சியில் இறங்கிய பிறகு

விமானம் ஏற அனுமதிக்கப்பட்ட எல்லாம் இந்தியாவில் இறங்க அனுமதிக்கப்பட்டவை அல்ல. வேப் கருவிக்கு விமான விதி கைப்பையில் இடம் கொடுக்கிறது; பெட்டியில்தான் கூடாது. மலேசியாவில் அதன் விற்பனை 2024 அக்டோபரில் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வந்தது. இந்தியாவிலோ 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட் இறக்குமதி, விற்பனை, விநியோகம் அனைத்தையும் தடை செய்கிறது; முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் இந்தியா தடை போட்டது. துரையா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் தொலைபேசிகளை அனுமதியின்றிக் கொண்டுவந்து கைதான வெளிநாட்டுப் பயணிகளும் உண்டு.

சுங்கத்தின் சந்தேகம் வேறு வகை. மின்கருவிகளுக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட தங்கம் திருச்சியில் பிடிபட்டதாகச் செய்திகள் வந்துகொண்டே இருப்பதால், ஒலிபெருக்கியோ சமையல் கருவியோ புதிதாகக் கொண்டுபோகிறவரின் பெட்டி திறக்கப்படுவதில் வியப்பில்லை. வாங்கிய ரசீது கையில் இருந்தால் பேச்சு சுருங்கும்.

திரும்பி வரும்போது சோதனை மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் கையில். 2025 அக்டோபரில் டில்லியிலிருந்து திமாப்பூருக்குக் கிளம்பவிருந்த இண்டிகோ விமானத்தில் பயணி ஒருவரின் பவர் பேங்க் தரையிலேயே தீப்பற்றியது. அதன்பின் இந்திய விமானத் துறையும் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்துவதையும் சாமான் தட்டில் வைப்பதையும் தடுத்தது. ஆக, கோலாலம்பூர்–திருச்சி வழியில் போகும்போதும் வரும்போதும் விதி ஏறத்தாழ ஒன்றே.

இடையில் வேறு நாட்டில் விமானம் மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒரே ஒரு பவர் பேங்க், அதுவும் நூறு வாட்-மணிக்குள் என்கிறது. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல், அந்நாட்டின் 3சி தர முத்திரை தெளிவாக இல்லாத பவர் பேங்க் எத்தனை சிறியதானாலும் ஏறாது. துபாய் வழியாக லண்டன் போகும் பெஸ்தாரி ஜெயாக் குடும்பமும், குவாங்சோவில் இறங்கி உள்நாட்டு விமானம் பிடிக்கும் கோலசிலாங்கூர் வியாபாரியும் பயணச்சீட்டில் உள்ள ஒவ்வொரு நிறுவனத்தின் விதியையும் தனித்தனியே பார்த்து, அவற்றில் எது மிகக் கடுமையோ அதற்கேற்பத்தான் கைப்பையைக் கட்ட வேண்டும்.